புதிர்ப் பெட்டி தேட ஆப் எதுவரை உதவும்?

ஜியோகேஷிங் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த ஆப் போடணும்?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. அந்த ஆப் சொல்வதை எதுவரை நம்புவது, எப்போது அதைப் பையில் போட்டுவிட்டு நாமே யோசிப்பது என்ற கேள்விக்குத்தான் நேரம் வேண்டும். எனக்குப் பிடித்தவை புதிர்ப் பெட்டிகள். வரைபடத்தில் கேள்விக்குறிச் சின்னத்தோடு நிற்குமே, அவை. அதனால் என் அனுபவமும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைக்க வேண்டும். புதிர்ப் பெட்டி என்றால் அந்த எண்கள் நேராகக் கிடைக்காது, ஒரு புதிரை விடுவித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்த அமெரிக்க அரசு, 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. கையடக்கக் கருவிகளின் துல்லியம் சட்டென்று பல மடங்கு கூடியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து எண்களை இணையக் குழு ஒன்றில் போட்டார். வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. இந்த எண்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லா உதாரணங்களுக்கும் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஆப்கள். ஜியோகேஷிங் தளத்தின் அதிகாரபூர்வ ஆப்பில் ஆரம்பிப்பது எளிது, ஆனால் இலவசக் கணக்கோடு நுழைந்தால் பல பெட்டிகள் பூட்டியே இருக்கும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம் சி:ஜியோ. இலவசம், திறந்த மூலம், ஆஃப்லைனில் பெட்டி விவரங்களையும் வரைபடத்தையும் சேமித்து வைக்கலாம். ஐபோன்காரர்கள் காச்லியைச் சொல்வார்கள். புதிருக்கென்று தனியாக ஒன்று வேண்டுமென்றால் ஜிசி விஸார்ட். சங்கேத எழுத்துகள், எண் முறைகள், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) கணக்குகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். இணையம் இல்லாத இடத்திலும் பெரும்பாலானவை வேலை செய்யும், இரண்டு வகை போன்களிலும் கிடைக்கும். இவ்வளவு போதும். நாலைந்து ஆப்களை ஏற்றிவைத்துக்கொண்டு களத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி தீர்வதுதான் மிச்சம்.

எந்த ஆப்பாக இருந்தாலும் முதல் நாளே தேடிக் கண்டுபிடித்துவைக்க வேண்டிய வசதி ஒன்று உண்டு: விடை தெரிந்த பிறகு பெட்டியின் எண்களைத் திருத்திச் சேமிப்பது. புதிர்ப் பெட்டிகளுக்கு வரைபடத்தில் காட்டப்படும் இடம் பொய்யானது. உண்மையான இடம் பொதுவாக அங்கிருந்து 3.2 கிலோமீட்டருக்குள், அதாவது இரண்டு மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் உட்கார்ந்து கஷ்டப்பட்டு விடுவித்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்துவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், ஆப் உங்களை அந்தப் பொய்யான இடத்துக்கே பத்திரமாகக் கூட்டிப்போகும்.

எண்களின் வடிவம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜியோகேஷிங்கில் வழக்கம் டிகிரியும் தசம நிமிடமும். வரைபட ஆப்களோ பெரும்பாலும் தசம டிகிரியில் காட்டும். பழைய வரைபடங்களில் டிகிரி, நிமிடம், விநாடி. மேலே சொன்ன வாளியின் அட்சரேகை 45° 17.460. தசம டிகிரியில் 45.29100. விநாடியில் எழுதினால் 45° 17' 27.6". புள்ளிக்குப் பிறகு வரும் 460-ஐப் பார்த்து 46 விநாடி என்று எடுத்துக்கொண்டால் சுமார் 570 மீட்டர் வடக்கே போய் நிற்பீர்கள். அங்கே நீங்கள் எவ்வளவு பொறுமையாகத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. மேற்கு தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால் இன்னும் வேடிக்கை. ஓரிகனுக்குப் பதிலாகச் சீனாவின் வடகிழக்குப் பகுதியைக் காட்டும். அதையாவது பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். 570 மீட்டர் பிழைதான் ஆபத்து, ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கும்.

இனி புதிர். என் சித்தி பையன் என்னோடு தேட வருவான். கெட்டிக்காரன், கை வேகம். புதிர்ப் பக்கத்தைத் திறந்த மறுநிமிடம் அதிலிருக்கும் எழுத்துகளை அப்படியே நகலெடுத்து, ஏதாவது ஒரு தானியங்கி விடுவிப்பானில் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான். “அக்கா, நூத்துக்கணக்குல விடை வருது, எதுன்னு தெரியல” என்பான். வராமல் என்ன செய்யும்? கருவிக்கு நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று தெரியாது. இது இந்த வகைப் பூட்டு, அதாவது விடையை மறைத்த முறை இது என்று நாம் ஓர் ஊகத்தோடு போனால், அந்த ஊகம் சரியா என்று நொடியில் சொல்லிவிடும். அந்த ஊகத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஊகம் எங்கிருந்து வரும் என்றால், விடை எப்படி இருக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதிலிருந்து. புதியவர்கள் பலர் கவனிக்காத விஷயம் இது. குறுக்கெழுத்துப் போட்டியில் விடை எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். இங்கே விடை எப்போதும் ஓர் இடம், அதுவும் வரைபடத்தில் காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம்.

வாளி வைத்த அந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். முழு ஆயத்தொலைவில் எத்தனை இலக்கம்? அட்சரேகைக்கு 45 17 460 என்று ஏழு. தீர்க்கரேகைக்கு 122 24 800 என்று எட்டு. மொத்தம் 15. ஆகவே ஒரு புதிரில் எதுவாவது 15 இருந்தால், 15 படம், 15 வரி, 15 பெயர், என் காது நிமிர்ந்துவிடும். பத்து இருந்தால் நிமிடங்களும் அவற்றின் தசமங்களும் மட்டும் மறைத்திருக்கலாம். ஆறு என்றால் கடைசி மூன்று மூன்று இலக்கங்கள். எண்ணிப் பார்ப்பதற்கு ஆப் தேவையில்லை, விரல் போதும்.

அந்தப் பதினைந்தில் எத்தனை இலக்கம் நமக்கு முன்கூட்டியே தெரியும்? ஓர் அட்சரேகை நிமிடம் என்பது 1,852 மீட்டர். 3.2 கிலோமீட்டர் என்றால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. 17.460-லிருந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அவ்வளவு நகர்ந்தாலும் 15-க்கும் 20-க்கும் நடுவிலேயே இருப்போம். ஆகவே 4, 5, 1 என்ற முதல் மூன்று இலக்கங்கள் உறுதி. தீர்க்கரேகையில், அந்த அட்சத்தில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 1,300 மீட்டர்தான், அதனால் இரண்டரை நிமிடம் வரை நகரலாம். 24.800 அப்போதும் இருபதுகளைத் தாண்டாது. எனவே 1, 2, 2, 2 என்ற நான்கும் உறுதி. பதினைந்தில் ஏழு, பூட்டைத் தொடாமலேயே கையில்.

இப்போது ஒரு புதிர். நானே கட்டியது, அங்கே போய்த் தேடிவிடாதீர்கள். புதிர்ப் பக்கத்தில் ஒரு கதை மட்டும் இருக்கிறது: ஒரு பாட்டி மணிமாலை கோத்தாள், மணிகளின் நிறம் வரிசையாக இதோ. மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு, பழுப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பச்சை, கருப்பு, ஊதா, மஞ்சள்.

எண்ணுங்கள், 15. அடுத்து, நமக்குத் தெரிந்த ஏழு இலக்கங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். மூன்றாவதும் எட்டாவதும் 1-ஆக இருக்க வேண்டும், இரண்டு இடத்திலும் பழுப்பு. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் 2-ஆக இருக்க வேண்டும், மூன்றும் சிவப்பு. இது தற்செயலாக வராது. இந்த இடத்தில் எனக்கு இன்னும் நிற வரிசையின் பொருள் தெரியாது, ஆனால் ஒரு நிறம் ஓர் இலக்கம் என்பது உறுதியாகிவிட்டது. மஞ்சள் 4, பச்சை 5, பழுப்பு 1, சிவப்பு 2. மின்னணுச் சாமான்களோடு கொஞ்சம் பழகியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ரெசிஸ்டர்மேல் வளையம் வளையமாகப் போட்டிருக்கும் நிறக் குறியீடு இது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. விடை: வடக்கு 45° 16.893, மேற்கு 122° 25.074. காட்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம், விதிக்குள் இருக்கிறது. மின்னணு தெரியாதவரும், நிறங்களுக்கு எண் கொடுக்கும் முறை என்னென்ன என்று தேடினால் பிடித்துவிடுவார், ஏனென்றால் நான்கு நிறங்களின் மதிப்பு கையில் இருக்கிறது. ஜிசி விஸார்டில் ரெசிஸ்டர் குறியீட்டுக்குத் தனிப் பக்கமே உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று அது உங்களுக்குச் சொல்லாது.

எழுத்துப் புதிர்களிலும் இதே உத்திதான். மறைந்திருக்கும் வாசகம் பெரும்பாலும் ‘நார்த்’ என்ற ஆங்கிலச் சொல்லில்தான் தொடங்கும், தென்கோளமாக இருந்தால் ‘சவுத்’. சாவிச்சொல் வைத்துப் பூட்டும் விஜெனேர் வகையில் இது பெரிய ஓட்டை. பூட்டிய வாசகத்தின் முதல் ஐந்து எழுத்து எஃப், எச், ஆர், எல், ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-க்கு 0, பி-க்கு 1 என்று எண்ணாக்கி, அதிலிருந்து ‘நார்த்’ எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழித்தால் (பூஜ்யத்துக்குக் கீழே போனால் 26 கூட்டிக்கொள்ளுங்கள்) எஸ், டி, ஏ, எஸ், எச் வரும். ‘ஸ்டாஷ்’ (பதுக்கிவைத்தது) என்று படிக்கும்படியான ஒரு சொல் வந்து நின்றால் பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம். உல்மர் தன் வாளியை அந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டார். கழித்தலை ஆப்பே செய்யும். வாசகத்தையும் நம் ஊகச் சொல்லையும் அதனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாவியே தெரியாமல் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்க்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இது விஜெனேர்தானா என்று எப்படித் தெரியும்? எழுத்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆங்கில வாசகத்தில் ஈ என்ற எழுத்து மற்றதையெல்லாம்விட அடிக்கடி வரும், க்யூவும் இஸட்டும் அபூர்வம். பூட்டிய வாசகத்திலும் அப்படி மேடு பள்ளம் இருந்தால் ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்து என்று மாற்றிவைத்த எளிய வகை. எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் விஜெனேர் மாதிரி ஏதோ ஒன்று. வாசகம் நீளமாக இருந்தால்தான் இது பலிக்கும், ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எண்ணிக்கை பார்ப்பது வீண்.

மற்ற வகைகளும் பழகப் பழகப் பார்த்ததும் அடையாளம் தெரியும். எண்கள் 26-ஐத் தாண்டவில்லை என்றால் ஏ 1, பி 2 என்ற எழுத்து வரிசை. 65-க்கும் 90-க்கும் நடுவே கூட்டமாக நின்றால் கணினியின் ஆஸ்கி எண்கள். 118-ஐத் தாண்டாத எண்களோடு வேதியியல் வாடை அடித்தால் தனிம அட்டவணை. இரண்டே வகைக் குறிகள் ஐந்தைந்தாக வந்தால் பேக்கன் என்ற சங்கேத முறை, ஆறாறாக வந்தால் பார்வையற்றோருக்கான பிரெயிலாக இருக்கலாம், எட்டெட்டாக வந்தால் இரும எண். எழுத்தும் எண்ணும் கலந்து கடைசியில் சமக்குறி நின்றால் பேஸ்64 என்ற கணினிக் குறியாக்கம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கருவிகளின் பட்டியலை ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை மேய்ந்து வைத்தாலே பாதி மனதில் தங்கும்.

பக்கத்தை எங்கே படிக்கிறோம் என்பதும் முக்கியம். புதிர்ப் பெட்டிகளின் பக்கத்தை நான் ஆப்பில் படிப்பதே இல்லை, கணினியில் உலாவியில்தான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, படத்துக்குப் பின்னால் இணைப்பு, பக்கத்தின் மூலநிரலில் ஒரு குறிப்பு, பின்னணிப் படம் என்று மறைப்பதற்கு நூறு இடம் உண்டு. ஆப் பக்கத்தைத் தன் வசதிக்கு ஏற்ப மாற்றிக் காட்டும்போது அதில் பலவும் காணாமல் போகும். படங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆராய்வதில் பயனில்லை. படம் எடுத்த இடம், நேரம், குறிப்புரை எல்லாம் மூலக் கோப்புக்குள்தான் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் வராது. பல செய்தி ஆப்கள் வழியே அனுப்பினாலும் அவை உதிர்ந்துவிடும். மூலக் கோப்பையே இறக்கிப் பாருங்கள்.

பெட்டியின் தலைப்பு, குறிப்பு, கடின அளவு மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடின அளவு ஒன்று முதல் ஐந்து வரை, அரை அரையாக ஏறும். ஒன்றரை என்று போட்டிருக்கும் புதிருக்கு யாரும் மூன்று அடுக்கு சங்கேதம் வைக்க மாட்டார்கள். எங்கோ எளிதாக இருப்பதைத் தாண்டிப் போய்விட்டோம் என்று திரும்பி வர வேண்டியதுதான். குறிப்பு ராட்13 முறையில் பூட்டியிருக்கும். ஆங்கில எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போட்ட விளையாட்டுப் பூட்டு, ஆப்பில் தொட்டால் திறந்துவிடும். அது புதிருக்கான குறிப்பா, களத்தில் தேடுவதற்கான குறிப்பா என்பதை மட்டும் கவனியுங்கள். ‘காந்தம்’ என்று இருந்தால் வீட்டில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, அது களத்துக்கு.

இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைகளிடம் புதிரைக் கொடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நானும் கொடுத்துப் பார்த்ததுண்டு. “இந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு என்ன பொதுவான அம்சம்?” என்ற மாதிரிக் கேள்விக்கு நன்றாக உதவும். எழுத்தெழுத்தாக எண்ணிக் கணக்குப் போட வேண்டிய இடத்தில் சறுக்கும், தப்பான விடையைத் தைரியமாகச் சொல்லவும் செய்யும். கணக்கை ஜிசி விஸார்ட் மாதிரி கணக்குக்கென்றே எழுதிய கருவியிடம் விடுவது நல்லது.

விடை கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். பல பக்கங்களில் சரிபார்ப்பான் இருக்கும். எண்களைக் கொடுத்தால் சரியா தப்பா என்று சொல்லும். சில சரிபார்ப்பான்கள் தொடர்ந்து தப்பாகக் கொடுத்தால் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடும், அதனால் அதை ஊகிக்கும் இயந்திரமாகப் பயன்படுத்த முடியாது. சிலர் இலக்கங்களின் கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்திருப்பார்கள். நம் மணிமாலைக்கு 59. கூட்டுத்தொகை ஒத்துவந்தால் சந்தோஷம்தான், ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தாலும் அது ஒத்துவரும். கடைசியாகச் செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புள்ளியைப் பாருங்கள். ஏரி நடுவிலோ யார் வீட்டுக் கூரைமீதோ விழுந்தால் மறுபடி கணக்கைத் திறக்க வேண்டியதுதான். பாதை ஓரத்தில், ஒரு மரக்கூட்டத்தில் விழுந்தால் நம்பிக்கை வரும்.

கட்டம் கட்டமாகப் போகும் பெட்டிகளில், அதாவது ஓரிடத்தில் எண்ணியதை வைத்து அடுத்த இடத்தைக் கணக்கிடும் வகையில், சூத்திரத்தை ஆப்பிலேயே போட்டுவைக்கலாம். சி:ஜியோவில் ஏ, பி, சி என்று மாறிகளுக்கு மதிப்புக் கொடுத்தால் அடுத்த புள்ளி தானாக வரும். வசதிதான், ஆனால் முன்பூஜ்யத்தைக் கவனியுங்கள். நிமிடத்தின் தசமம் ஏ×பி என்று சூத்திரம். ஒன்பதும் ஐந்தும் பெருக்கினால் 45. எழுத வேண்டியது .045, மூன்று இலக்கம். .45 என்று எழுதினால் ஆப் அதை .450 என்று எடுத்துக்கொள்ளும், 750 மீட்டர் தள்ளிப் போவீர்கள். அதேபோல் ஏ+பி என்பது ஓர் இலக்கத்துக்குரிய இடத்தில் இருந்து, கூட்டினால் பன்னிரண்டு வந்தால், எண்ணியதில் எங்கோ கோளாறு. படிகளை எண்ணும்போது தரைமட்டத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் இரண்டு விடையையும் போட்டுப் பாருங்கள், ஒன்று பெரும்பாலும் போக முடியாத இடத்தில் விழும். பலகைகளைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால், அடுத்த கட்டத்தில் “அதில் எந்த வருஷம் இருந்தது?” என்று திரும்பி நடக்க வேண்டாம்.

களத்துக்கு வருவோம். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, செயற்கைக்கோள் தெரிந்தால் போதும். வரைபடத்தை முன்கூட்டி இறக்கிவைத்திருந்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் போன் வழிகாட்டும். அப்புறம், பவர் பேங்க், பேனா, சுருட்டிய தாளை எடுக்க ஒரு சிறு இடுக்கி.

திறந்த வானத்தின் கீழ் ஒரு போனின் துல்லியம் சுமார் 4.9 மீட்டர் ஆரம் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் சொல்கிறது. மரத்தடியில், கட்டடங்களின் நடுவில், பாறைச் சுவருக்குப் பக்கத்தில் சமிக்ஞை எதிரொலித்து வருவதால் அது இன்னும் கெடும். இது உங்கள் போனின் பிழை மட்டும். பெட்டியை ஒளித்தவர் எண்களைக் குறித்தபோது அவருடைய கருவிக்கும் ஒரு பிழை இருந்திருக்கும். ஆகவே திரையில் பூஜ்யம் மீட்டர் என்று வந்தால், “இங்கேதான் எங்கேயோ” என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தசமத்தின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் அட்சரேகையில் 1.85 மீட்டர். அதைத் துரத்திக்கொண்டு அம்பு காட்டும் பக்கமெல்லாம் ஓர் அடி நகர்வதால் ஒன்றும் ஆகாது.

என் சித்தி பையன் அப்படித்தான் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. நின்ற இடத்தில் அம்பு சுழலும், நடந்தால் சரியாகும், ஏனென்றால் நகரும்போது பல ஆப்கள் திசையை நகர்விலிருந்து கணக்கிடுகின்றன, நின்றால் போனுக்குள் இருக்கும் திசைகாட்டியை நம்புகின்றன. அந்தத் திசைகாட்டி காந்தம் வைத்த உறை போட்ட போனில் உளறும். அவன் உறையைக் கழற்றி, போனை எட்டு போட்டுச் சுழற்றிச் சரிசெய்தோம். பிறகு இருபது முப்பது மீட்டர் பின்வாங்கி, ஒரு பக்கமிருந்து நேராக நடந்து அம்பு எங்கே முடிகிறது என்று பார்த்தோம், அடுத்து அதற்குக் குறுக்கே இன்னொரு பக்கமிருந்து. இரண்டு பாதையும் வெட்டிக்கொண்ட இடத்தில் மரம் இல்லை, ஒரு பழைய மர பெஞ்சு.

“போனை உள்ளே வை” என்றேன். பெஞ்சின் அடியில் வரிசையாக ஆறு போல்ட் தலைகள். ஐந்தில் துரு, ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாக. துரு இல்லாததைப் பிடித்து இழுத்தான், காந்தம் விட்டுக்கொடுத்து கையோடு வந்தது. உள்ளே விரல் நகம் அகலத்தில் சுருட்டிய தாள். எந்த ஆப்பும் அந்தத் துருவைக் காட்டாது.

களத்தில் கண்ணுக்கு வேலை இதுதான்: பக்கத்தில் உள்ளவற்றோடு சேராத ஒன்றைத் தேடுவது. ஒரே நீளத்தில் இணையாக அடுக்கிய குச்சிகள், பாசி கீழ்ப்பக்கமாகத் திரும்பிய கல், வேலிக் கம்பங்களில் ஒன்றுக்கு மட்டும் மூடி. பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியை விடுங்கள். தோண்டாதீர்கள். பெட்டியைப் புதைக்கக் குழி தோண்டுவதை விதியே பொதுவாக அனுமதிப்பதில்லை, அதனால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் நிச்சயம் தப்பான இடம். ஆள் நடமாட்டம் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து போன் பேசுங்கள், அவர்கள் போகட்டும். சுற்றியிருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்படி பதுங்கிப் பதுங்கித் தேடுவதைவிட, கேட்டால் விளையாட்டை விளக்கிவிடுவதே மேல்.

தீர்த்த விடைகளின் பட்டியல் கைக்குக் கை மாறுவதும் உண்டு. அதை வாங்கித் தேடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் புதிர்ப் பெட்டியில் பெட்டி பாதிதான். மாட்டிக்கொண்டால் நான் உருவாக்கியவருக்கே எழுதுவேன், இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன் என்பதையும் சேர்த்து. “ஒன்றும் புரியவில்லை, உதவுங்கள்” என்று எழுதினால் பலர் பதில் போட மாட்டார்கள். “நிறங்கள் இலக்கங்கள் என்பது வரை வந்துவிட்டேன், நான்கு நிறத்தின் மதிப்பு இது” என்று எழுதினால் பெரும்பாலும் சிறு தள்ளல் ஒன்று கிடைக்கும்.

தாளில் பெயர் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. அதன்பிறகு ஆப்பில் பதிவு போடும்போது போல்ட், துரு, பெஞ்சு எதையும் எழுதிவிடாதீர்கள், அடுத்தவருக்கு மிச்சம் வேண்டும். கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று பதிவு போடுங்கள். வரிசையாக நாலு பேர் அப்படிப் போட்டால்தான் பெட்டி தொலைந்திருக்கலாம் என்று உரிமையாளருக்குத் தெரிந்து, போய்ப் பார்ப்பார். தாள் நனைந்திருந்தால் அதையும் எழுதுங்கள், படம் போடுவதாக இருந்தால் தாளை மட்டும் எடுங்கள், பின்னணியில் இடம் தெரியாதபடி.